வட்டகொடையில் சில ஓய்வு நாட்கள்

மலைநாட்டில் விடுமுறை என்றதும் இலங்கையில் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது நுவரெலியா. ஏப்ரல் மாதத்தில் அங்கே குதிரைப் பந்தயம் உண்டு. மலர்க் கண்காட்சி உண்டு. வாவியில் படகுகள் உண்டு. அவற்றோடு தெருவை அடைத்து நிற்கும் வாகனங்களும், இடங்கிடையாத விடுதிகளும், இருமடங்கான வாடகையும் உண்டு. இளைப்பாறப் போனவர்கள் களைத்துத் திரும்புவதும் உண்டு. இத்தொல்லை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இத்தாலி தேசத்துக்குச் செல்வோர் யாவரும் ரோமாபுரியிலும் வெனிஸ் நகரிலும் நெருக்குண்ணுகின்றனர். விஷயமறிந்த சிலரோ, அதிரியக் கடலோரத்தில் அப்ருத்சோ போன்ற, பெயர் பரவாத பகுதிகளை நாடிச் சென்று, மீனவர் ஊர்களில் நாலு நாள் சும்மா இருந்துவிட்டு வருகின்றனர். அத்தகைய ஓய்வை விரும்பும் நேயர்களுக்கு மலையகத்திலே ஏற்றதோர் இடம் வட்டகொடை.

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், தலவாக்கலையைக் கடந்ததும் வருவது வட்டகொடை நிலையம். கடல் மட்டத்துக்கு 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், தேயிலை மலைகளின் நடுவே அமைந்த சிற்றூர் இது. அரண்மனையோ கோட்டையோ இங்கில்லை. கடைத்தெருவும் நிலையமும் தோட்டங்களும் கோயில்களும் உள்ளன. பார்க்கவேண்டியவை என்று பட்டியலிட ஒன்றுமில்லாமையே இவ்வூரின் முதற் சிறப்பு எனலாம். பட்டியல் இல்லாதவிடத்து அவசரமும் இல்லை.

இங்கு வந்துசேரும் பயணமே விடுமுறையின் பாதி. இப்பாதை ஒரே காலத்தில் அமைந்ததன்று. 1867இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதை, 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இலேதான். மிகச் செங்குத்தான இடங்களில் 44 அடி ஓடினால் ஓரடி உயரும் வகையில் இதனை அமைத்தனர். அதற்குமேற் சரிவு கூடினால் இன்ஜின் இழுப்பது கடினம். ஆகவேதான் பாதை நேரே ஏறாமல் மலையை வளைத்து வளைத்துச் செல்கிறது. வளைய இடமில்லாத இடத்தில் மலையைத் துளைத்துச் செல்கிறது. ஹட்டன் அருகேயுள்ள சிங்கமலைச் சுரங்கம் இவற்றுள் பேர்பெற்றது. கொட்டகலையைத் தாண்டியபின் டெவன் அருவியும் சென்கிளையர் அருவியும் தோன்றும். தலவாக்கலையில் அணை கட்டி, 150 மெகாவாட் மின்சாரம் தரும் மேல்கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின், சென்கிளையரில் பழைய நீர்ப்பெருக்கைக் காண்பதற்கில்லை. அருவியின் ஓசை குறைந்து ஆயிரமாயிரம் வீடுகளில் விளக்கு எரிகிறது. இழப்பும் பேறும் ஒருங்கே நிற்கும் காட்சி அது.

புறப்படுமுன் ஒன்றை விசாரித்தறிதல் அவசியம். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மலையகத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. இருப்புப்பாதையும் பல இடங்களிற் சிதைந்தது. ஆதலால் எந்தப் பகுதிவரை வண்டி ஓடுகிறது என்பதைக் கேட்டறிந்தே பயணத்தைத் திட்டமிடவேண்டும். வண்டி இல்லையெனில் ஹட்டன், தலவாக்கலை வழியே வீதி இருக்கிறது. தங்குவதற்கும் அந்நகரங்களே வசதியானவை.

காலமும் பார்த்து வருதல் நன்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இந்த மேற்குச் சரிவிலே விடாது பெய்யும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் பகல் தெளிவாயும் இரவு கடுங்குளிராயும் இருக்கும்; உலர்ந்த காற்று வீசும். அக்காற்றில் தளிர் மெல்ல வளர்வதால், திம்புள்ளைப் பகுதித் தேயிலை மணமும் சுவையும் மிகுந்து, நல்ல விலைக்குப் போவதும் அந்த மாதங்களிலேதான். ஆகவே கண்ணுக்கு இனிய காலமும் நாவுக்கு இனிய காலமும் இங்கு ஒன்றே.

வட்டகொடையில் செய்யத்தக்கது நடப்பது. காலைப் பனி விலகுமுன் தோட்டத்துப் பாதை ஒன்றில் இறங்கினால், கிரேட் வெஸ்டர்ன் மலை தன் ஏழாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தோடு எதிரே நிற்பதைக் காணலாம். கீழே ஓடும் ஓடைகள் கொத்மலை ஓயாவிற் கலந்து, மகாவலியாகி, திருகோணமலைக் கடலிற் சேர்கின்றன. மேற்கு மலையிற் பெய்த மழை கிழக்குக் கடலுக்குப் போகும் விந்தையை எண்ணிக்கொண்டே ஒரு மணி நேரம் நடக்கலாம்.

நடக்குமிடமெல்லாம் தேயிலை. பச்சைக் கம்பளம் விரித்தாற்போல என்று பலரும் வியப்பர். கம்பளத்தை நெய்தவர் உண்டு என்பதை மறந்த வியப்பு அது. தேயிலை தானாக விட்டால் மரமாக வளரக்கூடியது. அதை இடுப்பளவில் நிறுத்துவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யும் கவ்வாத்து. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தெடுக்கும் பெண், ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பவேண்டும். பிந்தினால் கொழுந்து முற்றிவிடும். தோட்டத்து ஆலையிலே பச்சைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கின்றனர். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. கடைத்தெருவில் அமர்ந்து ஒரு கோப்பைத் தேநீர் பருகுபவர் இக்கணக்கை அறிந்திருந்தால் அதன் ருசி கூடுமேயன்றிக் குறையாது.

இந்த மலைகளில் முதலில் இருந்தது காடு. பின்னர் வந்தது கோப்பி. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அவ்வழியே பிறரும் தேயிலைக்கு மாறினர். தோட்டங்களில் உழைத்தோரிற் பெரும்பாலோர் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்களே.

அம்மக்களின் வாழ்வை எழுத்தாக்கிய சி. வி. வேலுப்பிள்ளை, 1914இல் வட்டகொடைப் பகுதியைச் சேர்ந்த மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். மறு ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அவருக்கு வாக்களித்த மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர்; வாக்குரிமையும் போயிற்று.

பின்பு 1964இல் இரு நாட்டு அரசுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டது 1974இல். நிலையங்களிலிருந்து குடும்பங்கள் தலைமன்னாருக்கு வண்டி ஏறின. பிறந்த மண்ணை விட்டு, பாட்டன் சொல்லிக் கேட்ட ஊருக்குப் போனார்கள். போனவர்களும் அழுதார்கள், வழியனுப்பியவர்களும் அழுதார்கள். அந்த வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. இங்கேயே தங்கி எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. உலகிலேயே அழகிய ரயில் பயணங்களுள் ஒன்று என்று இன்று பயணிகள் புகழும் அதே தண்டவாளங்களின்மீதுதான் அந்தக் கண்ணீரும் சென்றது.

இவற்றை அறிந்தால் விடுமுறையின் இன்பம் கெட்டுவிடுமோ என்று சிலர் ஐயுறலாம். கெடாது, நடத்தைதான் திருந்தும். லயத்து வாசல் ஒருவருடைய வீட்டு வாசல். அழையாமல் அங்கே நுழைந்து எட்டிப்பார்ப்பது தகாது. கொழுந்தெடுப்பவரைப் படம் பிடிக்க விரும்பினால், முதலில் முகம் பார்த்து வணக்கம் சொல்லி அனுமதி கேட்கவேண்டும். அவருடைய நாட்சம்பளம் எடுக்கும் கொழுந்தின் நிறையைப் பொறுத்திருக்கக்கூடும் என்பதால், நெடுநேரம் நிறுத்திவைத்தல் ஆகாது. தேவையானதை ஊர்க் கடைகளிலேயே வாங்கலாம். பிளாஸ்டிக் குப்பையை ஓடையில் எறியாதிருக்கலாம். அதே ஓடைநீரே கீழ் லயத்தார்க்குக் குடிநீராக இருக்கக்கூடும். மாசி மாதத்தில் வருவோர் காமன் கூத்து நடைபெறுமாயின், தப்பின் முழக்கத்தைக் கேட்டு, ஊராரோடு ஊராராய் நின்று பார்க்கலாம். விருந்தினராக நடந்துகொள்பவரை உபசரிக்கத் தோட்டத்து மக்கள் தவறுவதில்லை.

ஓய்வென்பது மனம் விரிவதற்குக் கிடைக்கும் அவகாசம். நாலு நாள் அவசரமின்றி நடந்து, நல்ல தேநீர் குடித்து, பேசுகிறவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுத் திரும்புபவருக்கு, வீட்டில் மறுநாட் காலை கையிலெடுக்கும் கோப்பை வெறும் பானமாகத் தோன்றாது. எந்த மலை, எவர் கை, எத்தனை தலைமுறை என்ற கேள்விகள் அதனோடு எழும். அக்கேள்விகளைத் தருவதற்கு வட்டகொடை கட்டணம் எதுவும் கேட்பதில்லை.