பட்டவர் கூடும் அவை

ஓசூர்ச் சாலை வழியே பெங்களூருக்குள் நுழைவோர் இரண்டு பெரும் மருத்துவ நிலையங்களை அருகருகே காண்பர். ஒன்று, 1973இல் தோன்றிய கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம். மற்றொன்று, உள்ளத்தையும் நரம்பையும் ஆராயும் நிம்ஹான்ஸ். கன்னடரோடு தெலுங்கரும், கிருட்டிணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழரும் கித்வாயை நாடி வருகின்றனர். உடலுக்கு ஒன்று, உள்ளத்துக்கு ஒன்று என நின்ற இவ்விரண்டோடு மூன்றாவது மருத்துவம் ஒன்றும் உண்டு. அது சீட்டில் எழுதப்படுவதில்லை. காத்திருப்போர் இருக்கையில் நடக்கிறது. முதன்முறை வேதிமருந்து ஏற்றிக்கொள்ள வந்தவரிடம், ஐந்தாம் முறை வந்தவர் சொல்கிறார்: "வாய் புண்ணாகும், காரத்தைத் தள்ளுங்க, கஞ்சியை ஆறவச்சுக் குடிங்க."

இவ்வறிவுக்குத் தமிழில் பழகிய பெயர் பட்டறிவு. கற்றறிந்தோர் அறிவினின்று இதனை வேறாகப் பிரித்து, ஒரே துன்பமுற்றோர் கூடித் தமக்குத் தாமே உதவும் தற்சார்புக் குழுக்களின் முதலே இதுதான் என்று 1976இல் எழுதினார் அமெரிக்கச் சமூகவியலாளர் தாமசினா போர்க்மன்.

தொண்டைப் புற்றுக்காகக் குரல்வளை அகற்றப்பட்டவரை எண்ணிப் பாருங்கள். அவர் மூச்சு கழுத்தில் இட்ட துளைவழியே செல்கிறது; நுரையீரற் காற்று வாயை எட்டுவதில்லை. காற்றை உணவுக்குழாயில் இறக்கி மீண்டும் மேலே விட்டால், அக்குழாயின் மேற்பகுதி அதிர்ந்து ஒலி எழும். அவ்வொலியை நாவும் உதடும் சொல்லாக்கும். பயிற்றுநர் இதனைப் படம் வரைந்து விளக்கலாம். ஆனால் கழுத்தில் அதே துளையோடு எதிரே அமர்ந்து "நானும் பேசுகிறேன்" என்று ஒருவர் சொல்லும்போதுதான் கேட்பவர்க்கு நம்பிக்கை பிறக்கும். 1952இலேயே குரல்வளை இழந்தோர்க்கெனப் பன்னாட்டுக் கழகம் ஒன்று அமைந்தது. பெங்களூரு அறுவை மருத்துவர் விஷால் ராவ் ஏறத்தாழ 50 ரூபாயில் ஒரு குரற்கருவியை உருவாக்கினார். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தும் ஒருவழி அடைப்பிதழ் அது. கருவி மலிந்தாலும் பேசப் பழகும் துணிவைக் கருவி தராது.

இந்தியாவில் நோயுற்றோர் ஒருவர்க்கொருவர் துணைநிற்கும் முயற்சிக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் தில்லியின் ஹர்மாலா குப்தா. தாமே புற்றுநோயினின்று மீண்ட அவர், 1991இல் 'கேன்சர் சகயோக்' குழுவைத் தொடங்கினார்.

குழுவில் சேர்ந்தால் வாழ்நாள் நீளுமா? 1989இல் உளமருத்துவர் டேவிட் ஸ்பீகல், முற்றிய மார்பகப் புற்றுள்ள 86 மகளிரை ஆராய்ந்து, வாரந்தோறும் குழுவிற் கூடியவர் ஏறத்தாழ இரு மடங்கு காலம் வாழ்ந்ததாக எழுதினார். உலகமே வியந்தது. 2001இல் கனடாவில் மருத்துவர் பமீலா குட்வின் 235 மகளிரிடம் அதனை மீண்டும் சோதித்தார்: குழுவினர் 17.9 திங்கள், மற்றவர் 17.6 திங்கள். 2007இல் ஸ்பீகலே மீண்டும் ஆராய்ந்தபோதும் ஒட்டுமொத்த வாழ்நாள் நீளவில்லை. ஆனால் குட்வின் ஆய்வில், குழுவிலிருந்தோர்க்கு, சிறப்பாக முன்பே மிகத் துயருற்றோர்க்கு, மனத்துயரும் நோவும் குறைந்தன. நோவு குறைவது சிறு பயனன்று. ஆயுளைக் கொண்டே எதனையும் அளக்கும் நம் பழக்கமே பிழை.

எல்லார்க்கும் குழு நன்மை செய்யும் என்பதும் இல்லை. உளவியலாளர் விக்கி ஹெல்கெசனும் உடனாய்வாளரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஆதரவற்றோர்க்கு ஒத்தநோயர் கலந்துரையாடல் உதவியது. முன்பே நிறைந்த ஆதரவு பெற்றிருந்தோர்க்குச் சில வகையில் கேடாகவும் முடிந்தது.

நம் நாட்டில் வேறோர் இடர். நோயின் பெயரை நோயரிடமே மறைக்கும் குடும்பங்கள் பல. தம் நோய் இன்னதென அறியாதவர் எந்தக் குழுவில் சேர்வார்? பெயர் வெளிவிடாது நள்ளிரவிலும் கேட்க இடம் தரும் இணையக் குழு, அரிய புற்றுடையார்க்கும் பயணம் இயலாதார்க்கும் பெருந்துணை. ஆயினும் நேரில் காணும் முகமும் பற்றும் கையும் அங்கில்லை; பொய் அங்கே விரைந்து பரவும். புற்றைத் தீர்க்க முள்சீத்தா இலையே போதும் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே மருத்துவரோ செவிலியரோ உடனிருந்து நெறிப்படுத்தும் குழுவைத் தேடுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் குழுவினின்று அன்றே விலகுங்கள். உங்கள் மருத்துவரைக் கேளாமல் ஒரு மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.