டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு குறைவு!

எனக்கு வயது 37. பத்தாம் வகுப்பு வரை படித்த குடும்பத் தலைவி. ஐந்து வருடமாகத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். அதனாலோ என்னவோ, எங்கள் தெருவில் யாருக்குத் தைராய்டு ரிப்போர்ட் வந்தாலும், "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று என்னிடம்தான் நீட்டுகிறார்கள். வைத்தியம் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் இருப்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை, தோழிகளே!

எல்லோரும் குழம்புவது டி.எஸ்.எச். என்ற வரியில்தான். அது தைராய்டு சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சின்னச் சுரப்பி, கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கு, "வேலையைப் பாரு" என்று அனுப்பும் கட்டளை. வீடு கட்டும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் மந்தமாக இருந்தால் மேஸ்திரியின் சத்தம் கூடும். ஒழுங்காக வேலை நடந்தால் சத்தம் குறையும். இதுவும் அதே கதைதான். டி.எஸ்.எச். ஏறியிருந்தால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று அர்த்தம். பலர் எண் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, 'தைராய்டு அதிகமாயிடுச்சு, மாத்திரையைக் குறைக்கணும்' என்று தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏறக்குறைய 0.4 முதல் 4 அல்லது 5 வரை சரியான அளவு. ரிப்போர்ட்டிலேயே பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும் என்பதால் ஒரே லேபில் பார்ப்பது நல்லது. எனக்கு முதல் தடவை 38 இருந்தது! மதியம் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. சித்திரை வெயிலிலும் ஃபேனை நிறுத்தச் சொல்வேன். உடம்பு ஏறுவதைப் பார்த்து, "உக்காந்தே சாப்பிட்டா அப்படித்தான்" என்று வீட்டில் கேலி வேறு.

டி.எஸ்.எச்.சோடு ஃப்ரீ டி4 என்று ஒன்று பார்ப்பார்கள். சுரப்பி செய்த வேலையைக் காட்டுவது இதுதான். டி.எஸ்.எச். ஏறி, ஃப்ரீ டி4 இறங்கியிருந்தால் சந்தேகமே இல்லை, தைராய்டு குறைவுதான். டி.எஸ்.எச். மட்டும் 6, 7 என்று இருந்து டி4 சரியாக இருந்தால், பல டாக்டர்கள் உடனே மாத்திரை எழுதாமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். சிலருக்குத் தானாகவே இறங்கிவிடும். 10-க்கு மேல் போனால் பெரும்பாலும் மாத்திரைதான். கர்ப்பிணிகளுக்கு மட்டும் கணக்கு வேறு.

என் ஓரகத்தி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவளும் 50 மைக்ரோ கிராம் மாத்திரை சாப்பிடுகிறவள். இரண்டு மாதம் தள்ளிப்போனதும் என்னிடம் வந்து, "அக்கா, வாயும் வயிறுமா இருக்கும்போது மாத்திரையே ஆகாதுன்னு அத்தை நிறுத்தச் சொல்றாங்க. போன ரிப்போர்ட்டும் நார்மல்தானே?" என்றாள். எனக்குத் திக்கென்றது. மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மல்! அதிலும், முதல் சில மாதங்களுக்கு வயிற்றுப் பிள்ளைக்குத் தேவையான தைராய்டு சத்து அம்மாவிடமிருந்துதான் போகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது ரொம்ப முக்கியம்.

அன்று சாயங்காலமே மாமியாரையும் சேர்த்து டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் நிறுத்தவில்லை, 75 ஆகக் கூட்டினார். பாதி மாதம் வரை நாலு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கச் சொன்னார். டாக்டர் வாயால் கேட்டதும் மாமியார் அடங்கிவிட்டார். அதன் பிறகு, "மாத்திரை போட்டியா?" என்று காலையில் முதலில் கேட்பது அவர்தான்! பிள்ளை சுகமாகப் பிறந்தது. குதிகாலில் சொட்டு ரத்தம் எடுத்து அதற்கும் தைராய்டு பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை.

இந்த மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். (எழுந்ததும் டிகாக்‌ஷன் மணம் கேட்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய தண்டனைதான்!) இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் நாலு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் ஒட்டாமலே போய்விடும். ரத்தம் கொடுக்கும் நாளில் நான் ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை போடுவேன். முடி உதிர்கிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது ரிப்போர்ட்டையே மாற்றிக் காட்டும்.

அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் சரியான எண் தெரியும். பத்து நாளில் போய்ப் பார்ப்பது காசுக்குக் கேடு. உடம்பு இளைக்கட்டும் என்று நாமாகக் கூட்டிக்கொள்ளவும் கூடாது. படபடப்பு வரும், நாளாக ஆக எலும்பும் தேயும்.

முட்டைக்கோஸ் சேர்க்கலாமா என்று கேட்காதவர்கள் இல்லை. வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்றுதான் டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் பொரியல் உண்டு.

பிரசவமானதும் ஓரகத்திக்குப் பழையபடி 50 ஆக்கி, ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். 2.8. இப்போது அலமாரியில் வெயில் படாத தட்டில் இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. எனக்கு 100, அவளுக்கு 50. மாறிவிடக் கூடாதென்று மாமியார்தான் அவள் பாட்டிலில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார்.

- ஒரு வாசகி, கும்பகோணம்