மனச்சிதைவும் மறைந்து வாழும் வாழ்வும்

சுவிற்சர்லாந்தின் சிறு நகரொன்றில் வாழும் நம்மவர் ஒருவர், வீட்டருகே தமிழ்க்கடை இருந்தும், புகையிரதத்தில் இரு தரிப்பிடங்கள் தாண்டிச் சென்று துருக்கியர் கடையொன்றில் அரிசியும் பருப்பும் வாங்கி வருகிறார். தமது குளிசைகளை விற்றமின் போத்தலொன்றினுள் இட்டு வைத்திருக்கிறார். கலியாண வீட்டுக்கு அழைப்பு வந்தால் வேலை என்று சொல்லிவிடுகிறார். இத்தனைக்கும் அவரை எவரும் ஒதுக்கியதில்லை, ஏசியதுமில்லை. அவருக்கு மனச்சிதைவு நோய் என்பதே ஊரவர் எவருக்கும் தெரியாது. தெரியாதவர்கள் எங்ஙனம் ஒதுக்குவார்கள்? அவரை ஒதுக்கி வைத்தவர் அவரேதான்.

உளவியலாளர் இதனை உள்வாங்கிய களங்கம் என்பர். அமெரிக்கச் சமூகவியலாளர் புரூஸ் லிங்க் 1980களின் பிற்பகுதியில் இதற்குத் தந்த விளக்கம் எளிமையானது. பைத்தியம் என்றால் என்ன, பைத்தியக்காரரை உலகம் எவ்வாறு நடத்தும் என்பதையெல்லாம், நோய் வருவதற்கு வெகுகாலம் முன்னரே, சிறு பிராயத்தில் நாம் கற்றுவிடுகிறோம். பின்னொரு நாள் வைத்தியர் நோயின் பெயரைச் சொல்லும்போது அந்தப் பழைய பாடம் முழுவதும் நம்மீதே திரும்புகிறது.

அந்தப் பாடத்தை நாம் எங்கே படித்தோம் என்பதை நினைத்துப் பார்க்கலாம். சந்தியில் தனியே பேசிக்கொண்டு நின்ற மனிதருக்கு 'விசரன்' என்று பட்டம் சூட்டிக் கல்லெறிந்தவர்கள் நாம். வகுப்பறைச் சண்டையில் 'உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பவேண்டும்' என்று கத்தியவர்களும் நாமே. மனநோய் வைத்தியசாலை அமைந்த ஓர் ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருந்தோம். கல்லெறிந்த சிறுவர்களில் ஒருவனுக்குப் பின்னாளில் அந்நோய் வருமாயின், அவன் தன்னை எந்தக் கண்கொண்டு பார்ப்பான்?

இத்தகைய களங்கத்தை அளப்பதற்கு 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 29 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்று வெளியிடப்பட்டது. நோயாளர் தம்மை அந்நியராக உணர்கிறாரா, தம்மினத்தவர் பற்றிய பழிச்சொற்களை உண்மையென நம்புகிறாரா, மனிதரைத் தவிர்க்கிறாரா என்பனவற்றோடு, களங்கத்தை எதிர்த்து நிற்கும் வலு அவரிடம் எவ்வளவு உள்ளது என்பதையும் அது கேட்கிறது. 2010இல் வெளியான ஆய்வொன்று, 14 ஐரோப்பிய நாடுகளில் மனச்சிதைவு உள்ளிட்ட உளமாய நோய்களுடன் வாழும் 1,229 பேரிடம் இவ்வகை வினாக்களை விடுத்தது. அவர்களில் ஏறத்தாழ 42 வீதமானோரிடம் இக்களங்கம் மிதமாகவோ கடுமையாகவோ காணப்பட்டது.

2007இல் வெளியான இன்னோர் ஆய்வு, வைத்தியர்களையே சிந்திக்க வைத்தது. தமக்கு நோய் இருப்பதை உணர்வது நன்மை என்றே எல்லோரும் கருதுவோம். ஆனால் நோயை ஏற்றுக்கொண்டவர் அதனோடு களங்கத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டால், அவரது நம்பிக்கையும் சுயமதிப்பும் தாழ்ந்துவிடுகின்றன என்பதை அமெரிக்காவின் லைசேக்கரும் அவரது சகாக்களும் காட்டினர். 'உனக்கு வருத்தம் இருக்கிறது, ஒப்புக்கொள்' என்று மாத்திரம் வற்புறுத்தும் குடும்பத்தவர் இதைக் கவனிக்கவேண்டும்.

அகதிகளுக்கு இது தூரத்து விடயமன்று. சுவீடனில் 13 இலட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, அதே பிரதேசங்களிலிருந்து வந்த ஏனைய குடிவரவாளரை விட அகதிகளுக்கு மனச்சிதைவும் அதனையொத்த நோய்களும் ஏற்படும் வீதம் 66 சதவீதம் அதிகமாக இருந்தது. அவ்வாறிருந்தும் நம்மவர் வைத்தியரிடம் செல்லத் தயங்குகின்றனர். மொழிபெயர்ப்பவர் பக்கத்து ஊரவராக இருந்துவிட்டால் என்ன செய்வது, தங்கைக்குப் பேசும் சம்பந்தம் குழம்பிவிடாதா, அகதி விண்ணப்பம் பாதிக்கப்படாதா என்ற அச்சங்கள் முன்னே வந்து நிற்கின்றன. முதலிரண்டையும் வெறும் பிரமை என்று நான் சொல்லமாட்டேன். எனினும் மொழிபெயர்ப்பவரை மாற்றித் தருமாறோ, வேற்றூரவர் ஒருவர் தொலைபேசியில் மொழிபெயர்க்குமாறோ கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை. மூன்றாவது அச்சத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் புகலிடம் கோருவோரின் வரவேற்பு பற்றி இயற்றிய நெறிமுறை, மனநோயுள்ளோரைத் தனிக்கவனிப்புக்கு உரியோரின் பட்டியலிலேயே சேர்த்தது. நோயை மறைப்பவர் அந்தக் கவனிப்பையும் இழக்கிறார்.

இனி, பெயர். 'ஸ்கிட்சோஃப்ரீனியா' என்ற சொல்லை 1908இல் வழங்கியவர் சூரிச் நகரின் வைத்தியர் ஓய்கன் புளோய்லர். இந்நோய் எப்போதும் மூளைத் தேய்வில் முடியும் என்ற பொருள்தந்த பழைய பெயரை அகற்றுவதற்காகவே அவர் புதுப் பெயரைத் தேடினார். அதுவும் காலப்போக்கில் வசையாயிற்று. யப்பானில் 'மனம் பிளவுண்ட நோய்' என்று வழங்கிய பெயரை மாற்றும்படி நோயாளரின் குடும்பத்தினர் 1993இல் கோர, 2002இல் அங்குள்ள உளமருத்துவர் சங்கம் 'ஒருங்கிணைவுக் கோளாறு' என்ற பொருள்படும் பெயரை ஏற்றது. அதுவரை நோயாளரில் ஏறத்தாழ 37 வீதமானோருக்கே வைத்தியர்கள் நோயின் பெயரைச் சொல்லிவந்தனர். மூன்றாண்டுகளுக்குள் அது 70 வீதத்தை அண்மித்தது. பெயரைச் சொல்ல வைத்தியர்களே கூசியிருக்கிறார்கள்! நமது 'சிதைவு' என்ற சொல்லிலும் இடிந்த வீட்டின் வாடை வீசுகிறது. இதைவிட நல்ல சொல் கிடைக்கும்வரை அதையே எழுதவேண்டியுள்ளது.

இந்நோயுற்றோரில் மூவரில் ஒருவரேனும் முற்றாகக் குணமடைய முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் எலின் சக்ஸ், இந்நோயுடன் வாழ்ந்துகொண்டே தமது வரலாற்றை 2007இல் நூலாக வெளியிட்டார். எல்லோரும் பகிரங்கமாகச் சொல்லவேண்டும் என்பதில்லை. எவரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை நோயாளர் தாமே தீர்மானிக்கப் பழக்கும் குழுக்களும் இருக்கின்றன. இத்தகைய குழுவொன்றின் பயனை 2014இல் சுவிஸ் ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். களங்கம் பெரிதாகக் குறையவில்லையாயினும், அதனால் விளையும் மன அழுத்தம் குறைந்தது.

முதலில் குறிப்பிட்டவரும் இப்போது மாதமொரு மாலை அத்தகைய குழுவொன்றுக்குச் செல்கிறார். அங்கே சுவிஸ்காரரோடு கோப்பி அருந்தியபடி தமது நோயைப் பற்றித் தயக்கமின்றிப் பேசுவதாகச் சொன்னார். அதன் பெயரை மட்டும் என்னிடமும் அவர் ஜேர்மன் மொழியிலேயே சொன்னார்.