ரயில் தடத்தின்மேல் ஒரு நடைவழி

வடக்கு லண்டனில் ஃபின்ஸ்பரி பார்க்கிலிருந்து ஹைகேட் வழியாக அலெக்சாண்ட்ரா பேலஸ் நோக்கிச் செல்லும் பார்க்லேண்ட் வாக் என்னும் நடைவழி, 1867இல் திறக்கப்பட்டு, ஆறாண்டுகளில் கிளை நீட்டப்பெற்று, 1954இல் பயணிகள் சேவையை இழந்த ரயில் தடத்தின்மேல் அமைந்ததாகும். தண்டவாளங்கள் அகற்றப்பட்டபின் அது 1984இல் முறைப்படி நடைவழியாயிற்று. நீராவி வண்டிகள் செங்குத்தான ஏற்றத்தில் திணறும் என்பதால் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் அன்று உருவாக்கப்பட்ட சீரான சரிவே, சிறுவர்க்கும் முதியோர்க்கும் இன்று இவ்வழியை எளிதாக்குகிறது. மழைக்குப் பின் சேறு மிகும் என்பது மட்டுமே குறை.

க்ரவுச் எண்ட் நிலையத்தின் நடைமேடைகள் இன்னும் எஞ்சியிருக்க, அருகிலுள்ள பழைய வளைவொன்றிலிருந்து ஸ்ப்ரிகன் எனப்படும் நாட்டார்கதைப் பூதத்தின் சிற்பம் வெளியே எட்டிப் பார்ப்பது, சிறுவர்கள் எளிதில் நகர மறுக்கும் இடமாகும். ஹைகேட் சுரங்கங்கள் வௌவால்களின் உறைவிடமாக மூடப்பட்டிருப்பதால், நடப்போர் அங்கே தடத்தை விட்டு வீதிக்கு ஏறவேண்டும். அவ்வாறு ஏறிச் சேரும் ஆர்ச்வே சாலையில்தான் ஹைகேட்ஹில் முருகன் கோயில் உள்ளது என்பதால், தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இடைவெளி இழப்பன்று. அப்பால் குயின்ஸ் வுட், விளையாட்டிடமும் சிற்றுண்டிச்சாலையும் கொண்ட ஹைகேட் வுட் என்னும் இரு தொன்மையான காடுகளுக்கு நடுவே சாலை செல்ல, மீண்டும் தொடங்கும் தடம் மஸ்வெல் ஹில் பகுதியில் செங்கல் வளைவுப் பாலமொன்றின்மேல் ஏறி, லண்டன் நகர் முழுவதையும் காணத் தருகிறது.