லயத்து அடுப்பும் மாநாட்டு மேடையும்

மலைநாட்டுக் காற்றே மருந்து என்பது, சித்திரை மாதத்தில் நுவரெலியாவுக்கு வந்து போகும் கொழும்பு அன்பர்களின் வாக்கு. அதிற் பொய்யில்லை. ஆனால் அவர்கள் தங்குவது விடுதிகளில். மாலை ஆறு மணிக்கு லயக் காம்பரா ஒன்றினுள் காலெடுத்து வைத்தோர்க்கே அங்குள்ள காற்று எத்தகையது என்பது தெரியும்.

அண்மையில் ஹட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றுக்கு நாம் சென்றோம். நம் மாணவன் ஒருவன் இருமலால் இரு வாரங்கள் வகுப்புக்கு வரவில்லை. அவன் வீட்டில் 10 அடிக்கு 12 அடி அளவில் ஒரு காம்பரா. இஸ்தோப்பின் ஒரு மூலையில் அடுப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாதலால் பின்சுவரில் சன்னலுக்கே இடமில்லை. கொழுந்தெடுத்து வந்த தாயார், கவ்வாத்து மிலாறு வைத்து உலை ஏற்றியிருந்தார். மழையில் நனைந்த மிலாறு! மூன்று வயதுத் தங்கை அடுப்பருகே குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். பையனோ விளக்கடியில் புத்தகமும் கையுமாக இருந்தான்.

"பொகை பழகிப் போச்சுங்க சேர்" என்றார் அந்த அம்மையார்.

கண் பழகலாம், நுரையீரல் பழகுவதில்லை. நனைந்த விறகு முற்றாக எரியாது. எரியாத பங்கு நுண்துகளாகப் புகையிற் கலக்கிறது. மயிரிழையின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கேயுள்ள இத்துகள்கள், மூக்கும் தொண்டையும் தடுக்க இயலாதபடி நுரையீரலின் அடிவரை செல்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் இவற்றிற்கு 2005இல் விதித்த ஆண்டுச் சராசரி எல்லை, ஒரு கன மீற்றர் காற்றில் 10 மைக்ரோகிராம். 2021இல் அதனை 5 எனக் குறைத்தது. வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பதும் அந்நிறுவனத்தின் கணக்கே. மலைச்சரிவில் இன்னொரு தொல்லையும் உண்டு. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்குவதால், வெளியேறிய புகையும் லயத்தின் மேலேயே படுத்துக் கிடக்கிறது.

காற்றைப் பற்றி நம் நாட்டில் பேசாமலில்லை. 1998இல் மாலைத்தீவில் உருவான தென்னாசியப் பிரகடனத்தில் இலங்கையும் சேர்ந்தது. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் ஒழிந்தது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கிற்று. 2014 நவம்பரில் ஆசிய நாடுகளின் காற்றுத்தர மாநாடு கொழும்பிலேயே கூடியது. போக்குவரத்துக்கான மன்றமும் அதனுடன் சேர்ந்தே கூடியமையால், வண்டிகளைப் பற்றிய பேச்சுக்கு முதலிடம் கிடைத்தது இயல்பே. கற்றோர் பேசியதில் நமக்குக் குறையில்லை. எனினும், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டுக் குடும்பங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு அண்மித்தவை விறகிலேயே சமைத்தன. பேருந்துக்கு இருக்கும் புகைப் பரிசோதனை அடுப்புக்கு இல்லை!

அடுப்புப் புகையை அளந்து பார்க்க வேண்டுமென உலகுக்கு முதலில் உணர்த்தியவர்களுள் ஒருவர் கேர்க் சிமித் என்னும் அமெரிக்க அறிஞர். குஜராத் கிராமங்களில் அவரும் தோழர்களும் செய்த ஆய்வு 1983இல் வெளிவந்தது. பின்னாளில், தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள் உட்பட நான்கு நாடுகளில், ஏறக்குறைய 3,200 கர்ப்பிணிப் பெண்களைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பு கொடுத்தார்கள். விறகிற் சமைத்தோர் சுவாசித்த நுண்துகள் ஏறத்தாழ 70 மைக்ரோகிராம். எரிவாயுவில் சமைத்தோர்க்கு அது 24 ஆயிற்று. ஆயினும் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென 2022இல் அறிவித்தனர். அடுப்பை மாற்றினால் எல்லாம் தீரும் என்று மேடையில் முழங்குவோர் இதனையும் சொல்லுதல் வேண்டும். கருவுற்றுச் சில வாரங்கள் கழித்தே அடுப்பு வந்ததும், 24 என்பது 5க்கு இன்னும் தொலைவில் இருப்பதும் நினைக்கத்தக்கன.

நம் நாட்டிலேயே 1980களில் உருவான 'அனகி' என்னும் இருவாய் மண்ணடுப்பு உண்டு. அனகி என்றால் சிங்களத்தில் விலைமதிப்பற்றது என்று பொருள். விறகு மிச்சமாகும், ஆனால் புகைபோக்கி அதற்கில்லை. எரிவாயுவோ? 2022 நெருக்கடியில் நகரத்தாரே விறகைத் தேடி அலைந்ததை நாம் மறக்கவில்லை.

இவற்றையெல்லாம் அன்று அந்த அம்மையாரிடம் இயன்றவரை எளிமையாய்ச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"மிலாற காயப்போட எடம் இல்லீங்க சேர். கூரைத்தகரம் ரெண்டு கெடச்சா வாசல்ல ஒரு சாய்ப்பு எறக்கிப்புடலாம்" என்றார்.

அடுத்த ஞாயிறு தகரம் இரண்டுடன் சென்றோம். பையன் மரத்தில் ஏறிக் கம்பு வெட்டினான், இடையிடையே இருமினான்.