கழிவுப் பழமும் ஐரோப்பியத் தடையும்

மாம்பழக் காலத்தில் பாப்பிரெட்டிப்பட்டிக் கடைத்தெருவில் காலை வேலை கூடையைப் பிரிப்பதுதான். அழுகலை ஒதுக்கிக் கடைக்குப் பின்னால் எறிந்துவிட்டு, கழிவு என்று கணக்கில் எழுதிவிடுகிறோம். அத்துடன் முடிந்தது என்பது நம் எண்ணம்.

2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை விதித்தது உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு இங்கிருந்து போன காய்கனிச் சரக்கில் 207 தொகுதிகளில் பழ ஈ முதலான பூச்சிகள் அகப்பட்டதே காரணம். பாகல், புடலை, கத்திரி, சேம்பு ஆகியவையும் உடன் தடைபட்டன. ருசியையோ விலையையோ யாரும் குறை சொல்லவில்லை. 2015 ஜனவரியில்தான் மாம்பழத்துக்கு விலக்கு முடிவானது. ஜப்பான் 1986இல் விதித்த தடை நீங்க 20 ஆண்டு ஆயிற்று.

நாம் கப்பல் ஏற்றுகிறவர்கள் அல்லவே என்று கேட்கலாம். வெளிநாட்டு அதிகாரியாவது காரணம் எழுதித் திருப்பி அனுப்புகிறார். நம் வாடிக்கையாளர் வீட்டில் அறுத்த பழத்தில் புழு நெளிந்தால் சண்டைக்குக்கூட வருவதில்லை. அடுத்த வாரம் வேறு கடைக்குப் போய்விடுகிறார்.

பெண் ஈ, முதிரும் காயின் தோலுக்கடியில் முட்டையிடுகிறது. குத்திய இடம் ஊசிமுனை அளவுதான். கொள்முதலின்போது கண்ணுக்கு எளிதில் படாது. புழு சதையைத் தின்று வளர்ந்து, வெளியேறி மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. சில நாளில் ஈயாகி மீண்டும் பழம் தேடுகிறது. நாம் எறிந்த குப்பைமேடு அதற்கு நல்ல வளர்ப்புப் பண்ணை. பக்கத்தில் கொய்யா மரம் இருந்தால் கேட்கவே வேண்டாம். அழுகல் கூடையைத் தோப்புக்கே திருப்பி அனுப்பும் வழக்கமும் உண்டு. அது ஈயை வண்டி வைத்துக் கொண்டுபோய் விடுவதாகும். தெற்கு ஆஸ்திரேலியாவில் எல்லைச் சாவடியிலேயே பழத்தை இறக்கச் சொல்வது இதனால்தான்.

செலவு பெரிதல்ல. கழிவைத் தடித்த பாலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் போட்டால் புழு உள்ளேயே சாகும். குழியில் போடுவதானால் 2 அடிக்குக் குறையாமல் மண் மூட வேண்டும். மேலாக மூடினால் ஈ மண்ணைத் துளைத்து வந்துவிடும்.

தோப்புக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே, உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி அழிக்கவும், மெத்தில் யூஜினால் பொறி கட்டவும் பேசிக்கொள்ளலாம். அந்தப் பொறி ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். ஆகவே பொறியை நம்பிப் பொறுக்குவதை விட்டுவிடக் கூடாது. பாகல், புடலையைத் தாக்கும் ஈ வேறு இனம். அதற்குக் கியூலூர் பொறி என்று கேட்டு வாங்க வேண்டும்.