வயிற்றில் பிள்ளை இருக்கிறது. உடம்பில் ரத்தம் இருக்கிறதா?

போடிநாயக்கனூரிலிருந்து மலையை நோக்கிப் போனால், அடிவாரத்தில் ஒரு சிறு கிராமம் வரும். அதன் பெயர் குரங்கணி. ஒரு காலத்தில், மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கியபடி இந்த அடிவாரத்துக்கு இறங்கின. அந்தக் கம்பிப் பாதை இன்று இல்லை. ஆனால் மலையை நம்பிப் பிழைக்கும் பிழைப்பு மட்டும் மாறவில்லை.

போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பெண்கள் விடியற்காலையிலேயே ஜீப்பில் ஏறுகிறார்கள். போடிமெட்டைக் கடந்து ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். கையில் தூக்குவாளி, அதில் மத்தியானச் சோறு.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், தரையை ஒட்டிக் காய்க்கிறது. நாள் முழுவதும் குனிந்தும் குத்தவைத்தும்தான் பறிக்க வேண்டும். மரநிழல் அடர்ந்த இடம். தரை எப்போதும் ஈரம்.

இந்தப் பெண்களில் ஒருத்தி கர்ப்பமானால், அவள் உடம்பு இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்று, கூலி வேலை. மற்றொன்று, பிள்ளை வளர்க்கும் வேலை. இரண்டுக்கும் ரத்தம் வேண்டும். அந்த ரத்தம் அவளிடம் இருக்கிறதா?

இருவரில் ஒருவர்!

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இதற்குப் பதில் சொல்கிறது. இந்தியாவில் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்கு ரத்த சோகை. தமிழ்நாட்டில் 100-க்கு 48 பேர். ஏறக்குறைய இரண்டு கர்ப்பிணிகளில் ஒருவர்!

ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்வது அதுதான். கர்ப்பிணிக்கு இந்த அளவு 11 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ரத்த சோகை. 7 கிராமுக்கும் கீழே போனால் ஆபத்து.

அடையாளம் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். நாக்கும் நகமும் வெளிறும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சிலர் மண், சாம்பல், பச்சரிசி, சிலேட்டுக்குச்சி என்று தேடித் தின்பார்கள். "மசக்கை ஆசை" என்று வீட்டார் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அது ரத்தக் குறைவின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆனால் கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. ரத்தப் பரிசோதனைதான் சரியான கணக்குச் சொல்லும்.

காலில் நுழையும் திருடன்

ரத்தம் ஏன் குறைகிறது? முதல் காரணம், தேவை கூடுகிறது. ஒரு கர்ப்ப காலம் முழுவதற்கும் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்புச் சத்து கூடுதலாகத் தேவை. வயிற்றுப் பிள்ளையும் நஞ்சுக்கொடியும் அதில் சுமார் 300-ஐ எடுத்துக்கொள்கின்றன. வெறும் சோறும் ரசமும் இதை ஈடு செய்யாது. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்ற தாய்க்கு, பழைய கடனே தீராத நிலை.

இரண்டாவது காரணம், கொக்கிப்புழு. ஈர மண்ணில் மலம் கழிக்கும் இடங்களில் இதன் குஞ்சுகள் இருக்கும். செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து உள்ளே புகும். கடைசியில் குடலில் போய்க் கவ்விக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குக் காலை மூடும் செருப்பும், வீட்டுக்கு ஒரு கழிப்பறையும் மருந்துக்குச் சமம். நான்காம் மாதத்துக்குப் பிறகு, டாக்டரோ நர்சோ சொல்லும்போது பூச்சி மாத்திரை சாப்பிட வேண்டும்.

மூன்றாவது காரணம் தேநீரும் காப்பியும்! குளிருக்கு இதமாக, சோறு உண்ட கையோடு குடிப்பது மலையில் வழக்கம். சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் இவை தடுத்துவிடுகின்றன. குடிப்பதானால் சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சென்னைக்கு வந்த லூசி வில்ஸ்

இரும்புக் குறைவு மட்டும்தான் ரத்த சோகைக்குக் காரணமா? இல்லை என்று கண்டவர் ஒரு பெண். அவர் அதைக் கண்டது நம் நாட்டுத் தாய்மாரிடம்தான்.

இங்கிலாந்தில் 1888-ல் பிறந்த டாக்டர் லூசி வில்ஸ், 1928-ல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் ரத்த சோகையால் வாடினார்கள். பலர் இறந்தார்கள். காரணம் தெரியவில்லை. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று லூசி வில்ஸ் விசாரித்தார். பிறகு குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று வழங்கும் பிரசவ ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார்.

ஏழைகளின் உணவையே கொடுத்து வளர்த்த குரங்கு ஒன்று சோகை பிடித்துக் கிடந்தது. ஈஸ்டிலிருந்து எடுத்த 'மார்மைட்' என்னும் மலிவான சாற்றை அதற்குக் கொடுத்தார். குரங்கு தேறியது. கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார். அவர்களும் தேறினார்கள். 1931-ல் இந்த முடிவை உலகுக்கு வெளியிட்டார்.

அந்தச் சாற்றில் இருந்த மர்மப் பொருள் என்ன? 1941-ல் அதைப் பசலை இனக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். லத்தீன் மொழியில் இலைக்குரிய சொல்லைக் கொண்டு 'ஃபோலிக் அமிலம்' என்று பெயர் வைத்தார்கள். இன்று கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு இதுவும் சேர்ந்திருக்கிறது.

எடை எங்கே போகிறது?

"கொஞ்சமாச் சாப்பிடு தாயி. பிள்ளை சின்னதா இருந்தாத்தான் சுளுவா வெளியே வரும்" என்று சொல்லும் மாமியார்கள் இன்னும் உண்டு. பிரியத்தால் சொல்வதுதான். ஆனால் தவறு. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தைக்கு நோய் எளிதில் பற்றும். பட்டினியால் பிரசவம் சுலபமாவதில்லை. தாயின் பலம்தான் போகிறது.

சாதாரண உடல்வாகு உள்ள பெண், கர்ப்ப காலத்தில் 10 முதல் 12 கிலோ வரை எடை கூட வேண்டும். மெலிந்தவள் இன்னும் அதிகமாகவும், பருமனானவள் குறைவாகவும் கூடுவது நல்லது.

அந்தப் பாரம் எல்லாம் கொழுப்பா? இல்லை. கணக்குப் பாருங்கள். குழந்தை 3 கிலோ. நஞ்சுக்கொடி சுமார் 600 கிராம். பனிக்குட நீர் 800 கிராம். பெருத்த கருப்பை ஒரு கிலோ. மார்பு அரைக் கிலோ. கூடுதல் ரத்தம் 1,300 கிராம். உடம்பில் சேரும் நீர் இன்னொரு 1,300 கிராம். மிச்சம் 3 கிலோதான் கொழுப்பு. அதுவும் பால் கொடுப்பதற்கான சேமிப்பு. மொத்தம் பதினொன்றரைக் கிலோ!

முதல் மூன்று மாதத்தில் ஒன்றிரண்டு கிலோ கூடும். வாந்தியால் சிலருக்குக் கூடாமலும் இருக்கும். பிறகு வாரத்துக்குச் சுமார் 400 கிராம். மாதக்கணக்கில் எடை ஏறவே இல்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கையும் வீங்கினால் உடனே போக வேண்டும். அது ரத்தக் கொதிப்பின் எச்சரிக்கையாக இருக்கலாம்.

இன்னொன்று: உடம்பு பருமனாக இருந்தால் ரத்தம் நிறைய இருக்கிறது என்று அர்த்தமல்ல. பருத்த பெண்ணுக்கும் ரத்த சோகை வரும். எடையையும் பார்க்க வேண்டும். ரத்தத்தையும் பார்க்க வேண்டும்.

மாத்திரை கறுப்பாக்குமா?

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை இலவசம். நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாகக் குறைந்தது 180 நாள். பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள். அதற்கு முன், முதல் மூன்று மாதத்தில் ஃபோலிக் அமில மாத்திரை.

வாங்கி வந்த மாத்திரை பல வீடுகளில் பரண்மேல் தூங்குகிறது. "பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்" என்று பயம். பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. கறுப்பாவது மலம் மட்டுமே. அதனால் கெடுதல் இல்லை. குமட்டல் வந்தால் இரவு சாப்பிட்டபின் போட்டுக்கொண்டு படுக்கலாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறாவிட்டால், ஆஸ்பத்திரியில் காரணத்தைக் கண்டு, வேண்டுமானால் நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றுவார்கள்.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, பயறு, எள், கடலை சேரட்டும். அசைவம் உண்பவர்களுக்கு ஆட்டுக்கறி, மீன், சுவரொட்டி நல்லவை. கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் கிராம சுகாதார நர்சிடம் பதிவு செய்ய வேண்டும். 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதியுள்ள ஏழைத் தாய்மாருக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கின்றன. பெட்டகம் தாய்க்கு, வீட்டாருக்குப் பங்கு போட அல்ல!

மலையில் இருப்பவர்கள் கவனிக்க!

பிரசவத்தில் எல்லாப் பெண்களுக்கும் ரத்தம் போகும். நல்ல ரத்தமுள்ளவள் அதைத் தாங்குவாள். சோகை பிடித்தவளுக்குக் கொஞ்சம் போனாலும் உயிர் ஊசலாடும். ரோடு இல்லாத மலைக் குடியிருப்பில் டோலி கட்டி இறக்கி, பிறகு வண்டி பிடித்து ஆஸ்பத்திரி சேர்வதற்குள் நேரம் ஓடிவிடும். அதனால் மேலே இருப்பவர்கள் நாள் நெருங்கும் முன்பே அடிவாரத்திலோ போடியிலோ உறவினர் வீட்டில் வந்து தங்குவது புத்திசாலித்தனம்.

கணவருக்கும் இதில் வேலை உண்டு. பரிசோதனைக்குக் கூட்டிப் போவதும், "இன்று மாத்திரை போட்டாயா?" என்று கேட்பதும், கனத்த மூட்டையைத் தாமே தூக்குவதும் அவர் பொறுப்பு. எல்லாரும் உண்டு மிஞ்சியதைக் கர்ப்பிணி உண்ணும் வழக்கத்தை மாமியார்தான் மாற்ற வேண்டும். முதல் இலை அவளுக்கே போடட்டும்!